விலாசினி சொன்ன பொய்

கையிலிருந்த பேப்பரை அடுப்படி மேடையில், நனைத்து வைத்திருந்த புட்டுமாவின் மேலேயே அறைந்தாள் கார்த்தியாயினி.

"பாரு! நல்லாக் கண்ணைத் திறந்து பாரு! இப்ப நிம்மதியா உனக்கு?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த விலாசினியின் கை நின்றது. பேப்பரில் அவள் படம் இருந்தது. வாசகசாலை மாடியில், சுவரில் மாட்டியிருந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓவியத்தில், வாழையிலை மேல் ஏழெட்டு மத்தி மீன்கள். கீழே இரண்டு வரி. 'மனநோயிலிருந்தும் குடிப்பழக்கத்திலிருந்தும் மீண்டு வருபவர்களுக்கான ஓவிய வகுப்பின் கண்காட்சியில், தன் படைப்புடன் விலாசினி சகதேவன்.'

அச்சில் தன் பெயரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, நெஞ்சுக்குள் என்னமோ பூத்தது. அடுத்த நொடியே நாத்தனாரின் குரல் அதைக் கசக்கிப் போட்டது.

"சகதேவா! உன் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கான், கேட்டியா? கொயிலாண்டி முழுக்க இந்நேரம் படிச்சிருக்கும். வடகரையிலயும் இதே பேப்பர்தான் வருது! ஞாயித்துக்கிழமை கல்யாணம் பேச வர்றவங்க காலையில சாயாவோட இதைத்தான் படிப்பாங்க!"

கூடத்தில் கட்டன் சாயாக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சகதேவன் தலையை நிமிர்த்தவில்லை.

"நான் போடச் சொல்லல சேச்சி... டீச்சர் வந்து கேட்டாங்க, பேரு போடலாமான்னு. நான் சரின்னேன்."

"எதுக்குடி சரின்னே?"

"என் பேருதானே..."

"ஓகோ! உன் பேரு!" கார்த்தியாயினி கையைத் தட்டினாள். பிறகு, விலாசினி அங்கே இல்லவே இல்லை என்பது போலத் தம்பியைப் பார்த்துக் கேட்டாள். "இவ காலை மாத்திரை போட்டாளா இல்லையா? பேச்சே சரியில்லையே!"

பல்லில் பிரஷ்ஷோடு வந்து நின்றான் பிரஜீஷ். இருபத்தாறு வயசு. டைல்ஸ் கடையில் வேலை. பேப்பரை எடுத்துப் பார்த்தான். அவனது இடது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, உருகி உறைந்த மெழுகு போலச் சுருங்கிக் கிடக்கும். சட்டைக் கையை எப்போதும் கீழே இறக்கியே விட்டிருப்பான்.

"அத்தை, விடுங்க," என்றான் வாயில் நுரையோடு. "எனக்கு நல்லது நடக்கறது அம்மாவுக்குப் பிடிக்காது. இன்னிக்கு நேத்தா பிடிக்கல?"

விலாசினி தேங்காய்த் துருவலைத் தள்ளி வைத்தாள். "அப்படிச் சொல்லாதடா மோனே..."

"பின்ன எப்படிச் சொல்ல? பைத்தியக்காரங்களும் குடிகாரங்களும் சேர்ந்து படம் போடற இடத்துக்கு நீ போகலேன்னா செத்தா போயிருப்பே?"

சகதேவன் சாயாவை உறிஞ்சினார். அரசு பஸ் டிரைவராக இருபத்தெட்டு வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது வட்டார மதுவிலக்குச் சமிதியின் தலைவர். மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் பேசுவார். வீட்டில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சமையலறைத் திட்டில் சாய்ந்து நின்றாள் விலாசினி. போன வருஷம் மழைக்காலத்தில்தான் அந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். மாத்திரை வாங்கப் போகும் சமூக மருத்துவ முகாமில் ஷெரீனா டீச்சர் கூப்பிட்டாள். புதனும் சனியும், பகல் இரண்டிலிருந்து நாலு வரை. பதினோரு பேர், ஆளுக்கொரு பாய். ஆட்டோ ஓட்டும் ஹம்சா குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அவன் வரைவதெல்லாம் மழையில் நிற்கும் ஆட்டோக்கள். பேங்கில் வேலை பார்த்த ஒருவர், யாரோடும் பேசமாட்டார், கோழி மட்டும் வரைவார். விலாசினி மீன் வரைந்தாள். மத்தியின் முதுகில் நீலம் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று இத்தனை வருஷம் கழுவி அறுத்தும் அவள் பார்த்ததில்லை. அந்த அறையில் அவள் எதைச் சொன்னாலும் யாரும் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. அது போதாதா ஒரு மனுஷிக்கு?

ஆனால் பிள்ளையின் கல்யாணம்...

"சரி," என்றாள் மெல்ல. "இனிமே போகல. படத்தையும் எடுத்துடச் சொல்றேன். போதுமா?"

"எடுத்து? பேப்பரைத் திருப்பி வாங்குவியா?" என்றாள் கார்த்தியாயினி. ஆனாலும் குரல் கொஞ்சம் தணிந்தது. ஜெயித்தவளின் குரல்.

பத்து மணிக்கு விலாசினி ஷெரீனாவுக்குப் போன் செய்தாள். "என் படத்தை இறக்கிடுங்க டீச்சர்... காரணம் கேக்காதீங்க."  ஷெரீனா சொன்னாள், "இறக்கறேன் சேச்சி. ஆனா உங்க பாயை யாருக்கும் குடுக்கமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. தரகன்தான் வந்தான், தலையைச் சொறிந்துகொண்டு. அவங்களுக்குச் சரிப்பட்டு வரலையாம்... வேற இடம் பாக்கலாம்... என்று இழுத்தான்.

"எதனாலன்னு சொன்னாங்களா?" என்றார் சகதேவன்.

தரகன் விலாசினியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "அது... உங்களுக்கே தெரியாததா?"

அவ்வளவுதான்! கார்த்தியாயினி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் எதுக்கு இந்த வீட்டுக்கு வந்து கிடக்கறேன்! இந்தப் பையனை இவகிட்ட இருந்து காப்பாத்தத்தானே வந்தேன்! கையை வெந்துபோக வெச்சா... இப்ப வாழ்க்கையையும் வேக வெச்சுட்டா!" பிரஜீஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மூன்று நாள் விலாசினியின் கையால் சோறு வாங்கவில்லை அவன்.

நாலாம் நாள் காலை சகதேவன் குளிக்கப் போயிருந்தபோது, மேஜை மேல் கிடந்த அவர் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. விலாசினி எடுத்தாள்.

"சகதேவன் இருக்காரா? நான் வடகரையிலேர்ந்து அச்சுதன் மாஸ்டர் பேசறேன்."

பெண்ணின் அப்பா.  "நான்... நான் பிரஜீஷோட அம்மா."

"ஓ! விலாசினியம்மாவா? நல்லதாப் போச்சு." குரலில் ஒரு தயக்கம். "தரகன் எப்படிச் சொல்லியிருப்பான்னு நேத்துதான் எனக்கு யோசனை வந்துச்சு. உங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது எங்களுக்கு முதல்லயே தெரியும்மா. அது எங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. உங்க மீன் படத்தை என் பொண்டாட்டி பேப்பர்லேர்ந்து வெட்டி வெச்சிருக்கா."

"பின்ன... எதனால?"

"சொல்லக் கஷ்டமா இருக்கு. என் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்க பையன் வந்திருந்தான். பகல் மூணு மணி. நிக்க முடியல அவனால. பந்தல் காலைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். என் பொண்ணு பாத்துட்டா... வீட்டுல சொல்லி ஏதாவது வைத்தியம் பாருங்கம்மா. நல்ல பையன்."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவளுக்குத் தெரியாதது இல்லை. துவைக்கப் போடும் சட்டையில் வீசும் வாடை தெரியாதா? ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குள் வருகிறவனின் நடை தெரியாதா? அதே நடையை அவள் இதே வாசலில் முன்னமே பார்த்திருக்கிறாள்!

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மீன் குழம்பை வைத்துவிட்டுச் சொன்னாள். மாஸ்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

 பிரஜீஷ் சிரித்தான். பயங்கரமான சிரிப்பு.

"அத்தை! கேட்டீங்களா? இப்ப குத்தம் என்னுது! போன்ல வந்து சொன்னாங்களாம்! மறுபடியும் காதுல குரல் கேக்க ஆரம்பிச்சிருச்சு போல!"

"நம்பரு போன்ல இருக்கு மோனே. நீயே கூப்பிட்டுக் கேளு. இல்ல, ஏட்டா... நீங்க கேளுங்க," என்றாள் கணவரைப் பார்த்து.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?" கார்த்தியாயினி குறுக்கே விழுந்தாள். "பெரிய மனுஷன், மரியாதைக்கு ஏதாவது சொல்லியிருப்பாரு. இல்லேன்னா இவளே கற்பனை பண்ணியிருப்பா. மாத்திரை போட்டியாடி நீ?"

"போட்டேன் சேச்சி! ஒன்பது வருஷமா ஒரு வேளை தவறல! மாத்திரை போட்டவ உண்மை சொல்லக்கூடாதா?" விலாசினியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பிரஜீஷ், நான் சொல்றதைக் கேளு. நீ ஒரு தடவை வகுப்புக்கு வா. அங்க ஹம்சான்னு ஒருத்தரு..."

அவன் எச்சில் கையோடு எழுந்தான். இடது சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது யாரு செஞ்சது? சொல்லு! அஞ்சு வயசுப் பிள்ளை மேல கொதிக்கற கஞ்சியை ஊத்தினவ நீ! நீ எனக்குப் புத்தி சொல்றியா? ஆமா, குடிக்கறேன்! பெத்தவளே வேக வெச்ச கையைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள்தான் குடிக்காம இருக்கறது?"

விலாசினி மகனைப் பார்க்கவில்லை. சகதேவனைப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. ஒரு கணம். அப்புறம் அந்தக் கை மறுபடியும் பிசைய ஆரம்பித்தது.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

கார்த்தியாயினி மத்தியானத் தூக்கத்துக்குப் போன பிறகு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த கணவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏட்டா, நீங்க சொல்லணும்."

"என்னத்தை?"

"என்னத்தையா? என்னத்தைன்னா கேக்கறீங்க!"

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், இதே கிணற்றடியில்தான் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பின் வந்த நோய் இரண்டாம் முறை திரும்பி, ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வந்து இரண்டு மாதம். மனசு தெளிந்த நீர் போல இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்தார் சகதேவன். சாயங்காலம் டூட்டி. பசிக்கிறது என்று தானே அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கினார். அச்சன் வந்த சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தை, அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் தடுமாறினார். அவ்வளவுதான். அவள் ஈரக் கையோடு ஓடிப் போனபோது குழந்தையின் அலறல் கூரையைப் பிய்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். குடித்துவிட்டு டூட்டிக்கு வந்ததாக சகதேவன் மேல் ஏற்கெனவே ஒரு விசாரணை இருந்தது. வராந்தாத் தூணுக்குப் பின்னால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வேலை போயிடும் விலாசினி... ஜெயில்ல போடுவாங்க... நீ சொல்லு. நீ செஞ்சேன்னு சொன்னா யாரும் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நோவுன்னு விட்டுடுவாங்க..."

சொன்னாள். 'எனக்குத் தெரியல டாக்டர், என்னமோ ஆயிடுச்சு' என்றாள்.

யாரும் விட்டுவிடவில்லை. மூன்று மாதம் அவளைத் திரும்பவும் மனநோய் ஆஸ்பத்திரிக்குள்ளே போட்டார்கள். வெளியே வந்தபோது கார்த்தியாயினி பெட்டியோடு வீட்டில் குடியேறியிருந்தாள், குழந்தையைக் காப்பாற்ற. மூன்று வருஷம் விலாசினியை அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட விடவில்லை. 'அம்மா கிட்ட தனியாப் போகாதே' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

"நான் அன்னிக்கே நிறுத்திட்டேனே!" என்றார் சகதேவன், அடித்தொண்டையில். "அன்னிலேர்ந்து ஒரு சொட்டுத் தொட்டிருக்கேனா? சொல்லு! யாருக்கு முடியும் அது?"

"நீங்க நிறுத்திட்டீங்க. ஊரே மாலை போட்டுச்சு. நான் எதை நிறுத்தறது? குழந்தையைச் சுட்டவங்கற பேரை எந்தக் கடையில போய்க் குடுக்கறது?"

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு அதைக் கிளறணும்? என் பேரு என்ன ஆகும்? சமிதியில..."

"உங்க பையன் குடிக்கறான்! அம்மா சுட்டுட்டாங்கற கோபத்துல குடிக்கறேன்னு சொல்றான்! உங்களைக் காப்பாத்தறதுக்கு நான் சொன்ன பொய்யை அவன் கோப்பையில ஊத்திக் குடிச்சுக்கிட்டிருக்கான் ஏட்டா!"

"அப்ப நீயே சொல்லிடு," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

விலாசினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுகை வரவில்லை. வந்தது கோபம். சுத்தமான, வெளுப்பான கோபம்.

"நான் சொன்னா அது நோவு. நீங்க சொன்னாத்தான் அது உண்மை. இந்த வீட்டை அப்படி ஆக்கி வெச்சது நீங்கதான். அதனால நீங்கதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் இந்த வீட்டுல ஒரு சட்டி கழுவமாட்டேன்."

உள்ளே போய் இரண்டு புடவை, மாத்திரைப் பெட்டி, கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள். ஹம்சாவைக் கூப்பிட்டாள். ஆட்டோச் சத்தம் கேட்டு எழுந்துவந்த கார்த்தியாயினி வாசலில் நின்று கத்தினாள்.

"பாருங்கடி அக்கம்பக்கமே! குடிகாரன் ஆட்டோவுல ஏறிப் போறா!"

ஹம்சா ஸ்டார்ட் செய்த வண்டியை அணைத்தான். தலையை வெளியே நீட்டி, "குடிகாரன்தான் சேச்சி, இல்லேங்கல. ஆனா நாலு வருஷமா வண்டி நேராத்தான் போகுது. சந்தேகம்னா நீங்களும் ஏறிப் பாருங்க," என்றான். அவ்வளவு துயரத்திலும் விலாசினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஷெரீனா டீச்சர் வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது. அங்கே தங்கினாள்.  யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், 'வீட்டுல கொஞ்சம் மனத்தாங்கல்' என்றாள். புதன் வந்தது. சனி வந்தது. வாசகசாலை மாடியில் அவளுடைய பாய் ஜன்னலோரத்தில் அப்படியே இருந்தது. ஆனால் மீன் வரவில்லை. கோடு கோடாக இழுத்துக் காகிதத்தைக் கிழித்தாள். ஷெரீனா புதிய காகிதம் வைத்தாள். அதையும் கிழித்தாள்.

"கிழிங்க சேச்சி," என்றாள் ஷெரீனா. "காகிதம் நிறைய இருக்கு."

அடுத்த சனிக்கிழமை மூன்று மணி வாக்கில் வாசகசாலை மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் சகதேவன். ஷேவ் செய்யாத முகம். பின்னால் கார்த்தியாயினி, மூச்சு வாங்க. கடைசியில் பிரஜீஷ், தரையைப் பார்த்தபடி. பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"விலாசினி... கொஞ்சம் வெளிய வா. பேசணும்."

"இங்கயே பேசுங்க."

"இத்தனை பேரு முன்னாடியா?"

ஷெரீனா எழுந்தாள். "நாங்க வேணா கொஞ்ச நேரம் கீழ போறோம்..."

"வேண்டாம் டீச்சர். இருங்க." விலாசினி பாயிலிருந்து எழுந்து நின்றாள்.  "என்னைப் பைத்தியம்னு சொன்னப்ப யாரும் கதவைச் சாத்திட்டுச் சொல்லல. ஆஸ்பத்திரி வராந்தாவுல சொன்னாங்க, கோவில்ல சொன்னாங்க, கல்யாண வீட்டுல சொன்னாங்க. இதையும் நாலு பேரு கேக்கட்டும்."

சகதேவன் நின்றார்.  உதட்டை நனைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம்... இவன் அடுப்படியில விழுந்து கிடந்தான். அவனோட வாந்தி மேலயே. அக்கா துடைச்சுவிடப் போனா. அவளைத் தள்ளிவிட்டுட்டு, 'எங்கம்மா என்னைச் சுட்டா, அதனால குடிக்கறேன், யாரும் கேக்காதீங்க'ன்னு கத்தினான். நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன்... அந்த இடம்... அதே இடம்..." அவர் குரல் உடைந்தது. "அச்சுதன் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். விலாசினி சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம்."

"அதுக்கென்ன இப்ப?" என்றான் பிரஜீஷ் எரிச்சலாக. "இதைச் சொல்லவா இங்க இழுத்துட்டு வந்தீங்க?"

"இல்லடா." சகதேவன் மகன் பக்கம் திரும்பினார். "உன் கையைச் சுட்டது உங்கம்மா இல்ல. நான்."

ஹம்சா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"நான் குடிச்சிருந்தேன். பானை என் கையில இருந்துச்சு. நீ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கிட்டே... உங்கம்மா வீட்டுக்குள்ளயே இல்ல. கிணத்தடியில இருந்தா. வேலை போயிடும்னு அவ காலைப் பிடிச்சேன். எனக்காக அவ ஏத்துக்கிட்டா. மூணு மாசம் அவளை உள்ள போட்டப்ப நான் பஸ் ஓட்டிக்கிட்டிருந்தேன்... சம்பளம் வாங்கிக்கிட்டிருந்தேன்..."

 பிரஜீஷ் ஒரு மிருகச் சத்தத்தோடு அப்பன் மேல் பாய்ந்தான். ஹம்சா குறுக்கே புகுந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"விடுங்க! விடுங்க என்னை! இருபத்தொரு வருஷம்! ஒவ்வொரு நாளும் என் கையைப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு தின்னீங்க? சொல்லுங்க! எப்படி இறங்குச்சு உங்களுக்கு?"

"அடிக்கட்டும், விடு ஹம்சா," என்றார் சகதேவன்.

"அடிக்க விடமாட்டேன்," என்றான் ஹம்சா. "அடிச்சுட்டா அவனுக்கு அடுத்த கோப்பைக்கு ஒரு சாக்கு கிடைச்சிடும். எனக்குத் தெரியும் அந்தக் கணக்கு."

கார்த்தியாயினி அப்படியே படியோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டாள். "கடவுளே... அந்தப் பிஞ்சை உன்கிட்ட இருந்து நான் பிடுங்கிட்டேனே விலாசினி! ராத்திரி 'அம்மா அம்மா'ன்னு அழுவானே... வாயைப் பொத்தித் தூங்க வெச்சேனே! காப்பாத்தறேன்னு நினைச்சேனே பாவி..."

 பிரஜீஷ் ஹம்சாவின் பிடியிலிருந்து மெல்ல நழுவி அவள் எதிரில் வந்து நின்றான். சின்னக் குழந்தை போல உதடு பிதுங்கியது.

"நீ ஏம்மா சொல்லல? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

  நம்பியிருக்க மாட்டான். அது அவனுக்குத் தெரிந்தது. அதுதான் அவனை முறித்தது. அப்படியே மடங்கி அவள் காலடியில் விழுந்தான். "அம்மா... நான் உன்னை என்னென்ன சொன்னேன்... போன வாரம்கூட... அம்மா..."

அவள் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஐந்து வயசில் விட்டுப்போன தலை. "நானும் தப்புப் பண்ணினேன்டா மோனே. உங்கச்சனைக் காப்பாத்தறேன்னு நினைச்சு, உன்னை அம்மா இருந்தும் இல்லாதவனா ஆக்கிட்டேன். எனக்கு வேற வழி தெரியல..." இத்தனை வருஷம் சத்தமில்லாமல் அழுதே பழகியவள், அன்று வாய்விட்டு அழுதாள். அவன் பதறிப்போய், "அழாதம்மா, அழாத," என்றான்.

"அழ விடுடா!" என்று சீறினாள் விலாசினி. "நான் அழுதா அது நோவு இல்லேன்னு தெரிஞ்சுதானே இன்னிக்கு அழறேன்! அழ விடு!"

அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, சகதேவன் அங்கேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "வீட்டுக்குப் போலாமா விலாசினி? என்னை மன்னிச்சுடு..."

"மன்னிக்கறதைப் பத்தி இப்ப கேக்காதீங்க. எனக்கு இன்னும் கோபம் ஆறல. எப்ப ஆறும்னும் தெரியல." அவள் குரல் நிதானமாக இருந்தது. "நாளைக்குச் சமிதிக் கூட்டம் இருக்கில்ல? அங்க மைக்குல சொல்லுங்க. அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார். தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாராம். கூட்டத்தில் சிலர் எழுந்து போனார்களாம், சிலர் உட்கார்ந்தே இருந்தார்களாம். செவ்வாய்க்கிழமை காலையில் கார்த்தியாயினி தானே நடந்து வந்து ஷெரீனா வீட்டு வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "நான் என் பெட்டியைக் கட்டிட்டேன். மகள் வீட்டுக்குப் போறேன். நீ இருக்கற வீட்டுல நிக்க எனக்கு முகம் இல்ல," என்றாள்.

விலாசினி வெகுநேரம் அவளைப் பார்த்தாள். கொட்டித் தீர்க்க எத்தனையோ இருந்தது. "பெட்டியைப் பிரிங்க சேச்சி," என்றாள் கடைசியில். "நீங்களும் ஏமாந்தவங்கதான். ஆனா ஒண்ணு. இனிமே என்னைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா என்கிட்டக் கேளுங்க. பக்கத்துல நிக்கறவங்களைப் பாத்துக் கேக்காதீங்க." கார்த்தியாயினி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றே வீடு திரும்பினாள் விலாசினி. சகதேவன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்தாள். அதற்கு மேல் அவரோடு பேசவில்லை. அவரும் பேச்சை வற்புறுத்தவில்லை. அது ஆறுகிறபோது ஆறட்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை அவள் வகுப்புக்குக் கிளம்பியபோது பிரஜீஷ் பைக்கை எடுத்து வாசலில் நிறுத்தினான். மூன்று நாளாகக் குடிக்கவில்லை. விரல்கள் நடுங்கின, கண் உள்ளே போயிருந்தது. வழியில் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு, திரும்பிவிடலாமா என்று யோசித்தான். அவள் பின்னால் உட்கார்ந்தே இருந்தாள். வாசகசாலைப் படி ஏறி வந்து, அவளுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

புதிதாக ஒருவர் வந்தால் எல்லோரும் ஒரு சுற்று பெயர் சொல்வது அங்கே வழக்கம். ஹம்சா சொன்னான். கோழி வரைகிறவர் தன் பெயரை முணுமுணுத்தார். சுற்று வந்து பிரஜீஷிடம் நின்றது.  எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என் பேரு பிரஜீஷ்," என்றான். "நான் குடிக்கறவன். நிறுத்தணும்னு வந்திருக்கேன்."  அப்புறம் தலையை நிமிர்த்தி, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"விலாசினியோட மகன்."